நாற்பதாவது முறை சொல்லும் பதில்

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. இரண்டு ஆண்டுகளாக, வண்டி ஓட்டிவிட்டு வந்தால் அவன் நேராக வீட்டுக்குள் நுழைவதில்லை. வழியில் யாரையாவது இடித்துத் தள்ளிவிட்டு வந்துவிட்டோமோ என்ற சந்தேகத்தில் வந்த வழியே திரும்பிப் போகிறான். போய்ப் பார்த்துவிட்டு வந்தாலும் தீருவதில்லை. இரவெல்லாம் என்னிடம் கேட்பான்: "அக்கா, நான் யாரையும் இடிக்கவில்லைதானே?" "இல்லையடா" என்பேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் வந்து நிற்பான். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், நாற்பது முறை. இப்போது கதவுப் பூட்டையும் அடுப்பையும்கூடத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டான். மனநல மருத்துவர் செர்ட்ரலின் 50 மில்லிகிராம் கொடுத்தார். ஐந்து வாரமாகிறது, மாற்றமில்லை. எட்டு மாதமாக ஓர் ஆலோசகரிடமும் போகிறான். அவனுக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்தார். அந்தத் துக்கம்தான் வேர் என்று அதைப் பற்றியே பேசுகிறார்கள். மாத்திரை நோயை அமுக்கிவைக்குமே தவிர வேரைத் தொடாது என்று ஆலோசகர் சொல்கிறார். மருத்துவரோ, பேச்சையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நண்பன் ஒருவன் அவன் மணிக்கட்டில் ரப்பர் பேண்டு மாட்டிவிட்டிருக்கிறான். எண்ணம் வரும்போதெல்லாம் சுண்டிக்கொள்ள வேண்டுமாம். மனநோய்க்கு எதுதான் சரியான சிகிச்சை? மாத்திரையை நிறுத்திவிடலாமா? எத்தனை முறை கேட்டாலும் நான் முகம் சுளிக்காமல் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். என்னால் ஆனது அதுதான்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்விக்குறி போட்டு நீங்கள் கேட்டவை இரண்டு. எனக்கோ, கேள்வியாகக் கேட்காமல் விட்ட உங்கள் கடைசி இரண்டு வரிகளைத் தாண்டிப் போக முடியவில்லை. அதற்கு வருவதற்குள் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். செர்ட்ரலின் போன்ற மருந்துகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு, உடம்பில் சுரீரென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். அதைப் பார்த்துவிட்டு, நோய் முற்றிவிட்டது என்று இன்னொரு பயம் கிளம்பும். அதைவிட முக்கியம், அந்த மருந்து அவனிடம் இன்னும் முழுதாகச் சோதிக்கப்படவே இல்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நேரில் பார்க்காமல் நோயின் பெயரை அறுதியிட்டுச் சொல்வது முறையல்ல. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும் எந்த மனநல மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது ஓசிடி என்னும் எண்ணச் சுழற்சி நோய்தான். கை கழுவுவதைத்தான் ஊர் உலகம் ஓசிடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. வண்டியில் யாரையோ இடித்துவிட்டோம் என்று திரும்பிப் போய்ப் பார்ப்பதும் அதன் பழைய முகங்களில் ஒன்று. இதே கதையை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன், சாலை மட்டும் மாறும். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் போதும், அது பள்ளமா, மனிதரா என்ற கேள்வி எழுந்துவிடும். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று உங்கள் தம்பிக்கும் தெரியும். தெரிந்தும் கால் திரும்புகிறது பாருங்கள், அதுதான் நோய்.

இனி உங்கள் பெரிய கேள்வி. "மனநோய்க்கு எது சரியான சிகிச்சை?" என்று கேட்பது, "வயிற்று வலிக்கு எது சரியான மருந்து?" என்று கேட்பதைப் போன்றது. அஜீரணமும் வயிற்று வலிதான், குடல்வால் அழற்சியும் வயிற்று வலிதான். ஒன்று தானே சரியாகும், மற்றதற்குக் கத்தி வேண்டும். மனத்தின் நோய்களும் அப்படியே. பூச்சியைக் கண்டோ உயரத்தைக் கண்டோ மட்டும் நடுங்கும் ஒருவருக்கு மாத்திரையால் பெரிய பலனில்லை. பயப்படும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ள வைத்து, ஒரே அமர்வில், அதிகம் போனால் மூன்று மணி நேரத்தில் குணப்படுத்தலாம் என்று லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் 1989-ல் எழுதினார். அது இன்றும் நிற்கிறது. மனச்சிதைவு நோயில் நிலைமை தலைகீழ். அங்கே மருந்துதான் தரை, மற்றதெல்லாம் அதன் மேல் கட்டுபவை. அளவு கடந்த உற்சாகமும் பெரும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய்க்கு, ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-ல் கண்டு சொன்ன லித்தியம் என்ற மருந்துக்கு இன்றும் முன்வரிசையில் இடம் இருக்கிறது. அந்த நோயில் மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் ஆளை உற்சாகத்தின் மறுகோடிக்குத் தூக்கி எறிந்துவிடவும் கூடும். லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சை மட்டுமே பல நேரங்களில் போதும். கடுமையான மனச்சோர்வுக்கு மருந்தும் பேச்சும் சேர வேண்டும். சோறு தண்ணீரையே மறுக்கும் அளவுக்கு முற்றிவிட்டால், 1938-ல் ரோம் நகரில் தொடங்கி, திரைப்படங்களில் பெயர் கெட்டுப்போன மின் அதிர்வு சிகிச்சைதான், மயக்க மருந்தின் கீழ் முறையாகக் கொடுத்தால், வேகமாக உயிரைக் காப்பது.

பேச்சு எப்போதும் தீங்கில்லாதது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அதுவும் முழு உண்மையில்லை. பேரிடரில் தப்பியவர்களை மறுநாளே வட்டமாக உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லி வற்புறுத்தும் வழக்கம் ஒரு காலத்தில் பரவியிருந்தது. ஆராய்ந்து பார்த்தபோது அதனால் பயனில்லை, சிலருக்குக் கெடுதலும் நேர்ந்தது என்று தெரிந்து, இன்றைய மருத்துவ வழிகாட்டிகள் அதைக் கைவிடச் சொல்கின்றன. மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு என்றால் பேச்சுக்கும் உண்டு. மருந்துச் சீட்டு எழுதும் கட்சியைச் சேர்ந்தவன் நான் என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் சொல்லில் அந்தச் சாய்வு தெரிந்தால் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மருந்தா, பேச்சா என்று மருத்துவரும் ஆலோசகரும் இழுக்கும் கயிற்றை நீங்கள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் தம்பியின் விஷயத்தில் கேட்க வேண்டியவை வேறு. எந்தப் பேச்சு? எந்த அளவு மருந்து? எத்தனை நாள்? இந்த மூன்றுக்கும் இதுவரை சரியான விடை கிடைக்கவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புரிவது.

நோய் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் சிகிச்சை தானே புலப்படும். வேண்டாத எண்ணம் வருவது நோயில்லை. இரயில் மேடையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணம் தோன்றுவது, கைக்குழந்தையைத் தூக்கியபடி மாடியில் நிற்கும் தாய்க்குக் கை நழுவினால் என்று தோன்றுவது, இவையெல்லாம் சாதாரண மனங்களில் வந்துபோகிறவை. ராக்மனும் டி சில்வாவும் 1978-ல் நோயில்லாத பலரைக் கேட்டு இதை எழுதினார்கள். நோயாளிகளின் எண்ணங்களையும் மற்றவர்களின் எண்ணங்களையும் கலந்துவைத்துப் பிரிக்கச் சொன்னபோது, தொழில் தெரிந்தவர்களே திணறினார்கள். வித்தியாசம் எண்ணத்துக்குப் பிறகு வருவதில் இருக்கிறது. மற்றவர் "சீ, என்ன நினைப்பு இது" என்று நடந்துவிடுகிறார். உங்கள் தம்பி அந்த எண்ணத்தை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்கிறான். நெஞ்சு படபடக்கிறது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்க்கிறான். சாலை காலியாக இருக்கிறது. அப்பாடா என்று ஓர் ஆறுதல்.

அந்த "அப்பாடா"தான் விஷம். அது கிடைத்த கணத்தில் மூளை ஒரு பாடம் படிக்கிறது: போய்ப் பார்த்ததால்தான் தப்பித்தேன். அடுத்த முறை சந்தேகம் இன்னும் உரக்கக் கூப்பிடும், ஆறுதல் இன்னும் சீக்கிரம் தீரும். ஒரு முறை போய்ப் பார்த்தால் போதுமாக இருந்தது இரண்டாகும், மூன்றாகும். பிறகு அது வண்டியோடு நிற்காது. பூட்டுக்கும் அடுப்புக்கும் பரவியிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோயை வளர்ப்பது எண்ணம் இல்லை, அதற்குக் கொடுக்கப்படும் ஆறுதல்.

நண்பனின் ரப்பர் பேண்டை இன்றே கழற்றிவிடுங்கள். நல்ல மனத்தோடு செய்ததுதான். ஒரு காலத்தில் உளவியலாளர்களே எண்ணத்தை அதட்டி நிறுத்தும் அந்த முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் விரட்டினால் எண்ணம் போகாது. 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் ஒரு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது என்றார். கரடி திரும்பத் திரும்ப வந்தது. தடையை எடுத்த பிறகோ, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக வந்தது. சுண்டி விரட்டும் ஒவ்வொரு முறையும் உங்கள் தம்பி அந்த எண்ணத்துக்கு, நீ ஆபத்தானவன் என்று பட்டம் கட்டிக்கொண்டிருக்கிறான்.

ஆலோசகர் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. ஒன்பது வயதில் அப்பாவை இழந்த பிள்ளைக்கு அதைப் பேச ஓர் இடம் கிடைத்திருப்பது நல்லதுதான். அவரைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு மாதம் பேசியும் வண்டி திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது என்றால், அந்தப் பேச்சு துக்கத்துக்கானது, ஓசிடிக்கானது இல்லை. வேரைக் கண்டுபிடித்தால் மரம் பட்டுப்போகும் என்ற நம்பிக்கை கேட்க இனிமையாக இருக்கிறது. ஃபிராய்டு 1909-லேயே இந்த நோய் கொண்ட ஓர் இளைஞனின் வரலாற்றை விரிவாக எழுதினார். அதற்குப் பின் அரை நூற்றாண்டு வேர் தேடினார்கள். சுவாரசியமான விளக்கங்கள் நிறைய வந்தன. கழுவுபவர்கள் கழுவிக்கொண்டும் சரிபார்ப்பவர்கள் சரிபார்த்துக்கொண்டும்தான் இருந்தார்கள். தீ எங்கிருந்து பற்றியது என்பதைத் தெரிந்துகொள்ள ஆசை இருக்கலாம். அணைக்க வேண்டுமானால், இப்போது எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பது எது என்று பார்க்க வேண்டும்.

1966-ல் லண்டனில் விக்டர் மெயர் என்ற உளவியலாளர் அதைத்தான் செய்தார். யாராலும் குணப்படுத்த முடியாதவர்கள் என்று கைவிடப்பட்ட இரண்டு நோயாளிகளை, அவர்கள் எதற்கு அஞ்சினார்களோ அதை எதிர்கொள்ள வைத்தார். அதன் பிறகு வழக்கமான சடங்கைச் செய்யவிடாமல் மருத்துவமனைப் பணியாளர்கள் கூடவே இருந்தார்கள். இருவருக்கும் நோய் வெகுவாகத் தணிந்தது. அந்த இரண்டு பேரிலிருந்து வளர்ந்ததுதான் இன்று ஈஆர்பி என்று அழைக்கப்படும் முறை. எதிர்கொள்வது ஒரு பாதி, ஆறுதல் தேடும் செயலைச் செய்யாமல் இருப்பது மறுபாதி. ஒன்றில்லாமல் மற்றது உதவாது.

உங்கள் தம்பிக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று அமர்வுகளில் பேச்சுதான். எந்தெந்தச் சூழலில் எவ்வளவு பயம் என்று நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் எழுதுவார்கள். பகலில் காலியான தெருவில் ஓட்டுவது இருபதாக இருக்கலாம். இருட்டும் நேரத்தில் கூட்டமான சாலையில், மேடு பள்ளத்தில் குலுங்கிப் போவது தொண்ணூறாக இருக்கலாம். இருபதில் தொடங்குவார்கள். ஓட்டிவிட்டு வருவான், திரும்பிப் போகக் கூடாது. செய்தியில் விபத்து ஏதும் வந்திருக்கிறதா என்று தேடக் கூடாது. வண்டியில் கீறல் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கக் கூடாது. மனத்துக்குள் வழியை ஓட்டிப் பார்ப்பதும் கூடாது, வெளியே யாருக்கும் தெரியாத சடங்கு அது. "இடித்திருக்கலாம், இடிக்காமலும் இருந்திருக்கலாம். நான் திரும்பிப் போகப் போவதில்லை" என்று சொல்லிக்கொண்டு அந்தப் படபடப்போடு உட்கார்ந்திருப்பான். சில நாள் அது அரை மணியில் அடங்கும், சில நாள் அடங்காது. அடங்கினாலும் அடங்காவிட்டாலும் ஒன்றைக் கற்றுக்கொள்வான்: சந்தேகத்தைத் தீர்க்காமலேயே சாப்பிடலாம், படுக்கலாம், மறுநாள் வேலைக்குப் போகலாம். இருபது எளிதானதும் முப்பது. பெரும்பாலும் பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகள், இடையில் தினமும் வீட்டுப்பாடம். அமர்வில் நடப்பதைவிட வீட்டுப்பாடத்தில்தான் நோய் குறைகிறது.

கேட்கவே கொடுமையாக இருக்கிறது அல்லவா? கொடுமைதான். ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, பாதியில் விலகுகிறவர்களும் உண்டு. யாரும் அவனைப் பிடித்துத் தள்ளக் கூடாது, ஒவ்வொரு படியையும் அவனே தேர்ந்தெடுக்க வேண்டும். பலன் எவ்வளவு என்று கேட்டால், எட்னா ஃபோவாவும் மற்றவர்களும் 122 பேரை வைத்துச் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். பன்னிரண்டு வாரத்தில் இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 62 சதவீதம் பேர் தேறினார்கள். குளோமிப்ரமின் என்ற மருந்து மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம். இரண்டும் சேர்த்தவர்களில் 70 சதவீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 8 சதவீதம். இந்த எண்களை மாத்திரை எழுதும் கட்சிக்காரன் நானே எடுத்துச் சொல்கிறேன் என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் மாத்திரை எதற்கு? பயத்தின் சத்தத்தைக் குறைப்பதற்கு. சத்தம் குறைந்தால் பயிற்சியைத் தாங்க முடிகிறது. பயிற்சி தரத் தெரிந்தவர் கிடைக்காத இடத்தில் மாத்திரையே முக்கிய சிகிச்சையாகவும் இருக்கிறது. உங்கள் தம்பியின் மருந்து முழுதாகச் சோதிக்கப்படவில்லை என்றேனே, அதன் கணக்கு இது. ஓசிடிக்கு 50 மில்லிகிராம் செர்ட்ரலின் தொடக்க அளவு. தேவைப்பட்டால் 200 வரை படிப்படியாக உயர்த்தலாம். மனச்சோர்வுக்குப் போதுமான அளவு ஓசிடிக்குப் பல நேரம் போதாது. காலமும் அப்படித்தான். மனச்சோர்வில் நான்கு வாரத்தில் தெரியும் மாற்றம் இதில் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் எடுக்கும். அதாவது ஐந்து வாரம், தொடக்க அளவு என்பது பாதி வழிகூட இல்லை. இதை உங்கள் மருத்துவர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விடுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும் பிழை. ஒரு மாத்திரை வேலை செய்யவில்லை என்று நோயாளிகள் முடிவுகட்டுவதற்குப் பாதிக் காரணம் நாங்கள்தான்.

வயது 23 என்பதால் இன்னொன்று. இந்த வகை மருந்துகளைத் தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் சில இளைஞர்களுக்கு மனம் அலைபாயலாம், சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் சிறுவர்களுக்கென்று விடுத்த எச்சரிக்கையை 2007-ல் 24 வயது வரை நீட்டியது. அதற்காக மருந்தையே ஒதுக்க வேண்டியதில்லை. முதல் வாரங்களில் அவனைக் கவனித்துக்கொண்டிருங்கள். வழக்கத்துக்கு மாறான கொந்தளிப்போ, தூக்கமே இல்லாமல் பொங்கும் உற்சாகமோ தெரிந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே அழைத்துப் போங்கள், அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது இருதுருவ நோய் இருந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

"மாத்திரை அமுக்கிவைக்கும்" என்ற சொல்லுக்கு ஒரு பதில் கடன் இருக்கிறது. 1992-ல் லூயிஸ் பேக்ஸ்டர் என்பவரும் சகாக்களும் ஓசிடி உள்ளவர்களின் மூளையைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படமெடுத்தார்கள். சிலருக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் மாத்திரை, சிலருக்கு மாத்திரையே இல்லாமல் நடத்தைப் பயிற்சி. தேறியவர்களின் மூளையில் காடேட் என்ற ஒரே பகுதியின் மிகை வேகம் இரண்டு குழுவிலும் குறைந்திருந்தது. இரண்டு வாசல் வழியாகப் போனவர்கள் ஒரே அறைக்குள் நின்றார்கள். மாத்திரைக்காரர்களாகிய எங்கள் பக்கப் பொய் ஒன்றும் உண்டு. "மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் குறைந்துவிட்டது, அதை நிரப்புகிறோம்" என்று நாங்கள் சொல்லிவந்தது ஒரு சுருக்குவழி விளக்கம். அப்படி ஒரு குறைபாடு நிரூபிக்கப்படவில்லை. மருந்து வேலை செய்கிறது என்பது வேறு, ஏன் செய்கிறது என்பதை நாங்கள் சொல்லும் கதை வேறு.

இப்போது உங்களுக்கு வருகிறேன்.

நாற்பது முறை முகம் சுளிக்காமல் பதில் சொன்னீர்கள். அந்தப் பொறுமைக்கு முன்னால் எனக்குச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் இந்த நோயின் சடங்குகளில் ஒன்றாக உங்கள் பதில் மாறிவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பதும் உங்களிடம் வந்து கேட்பதும் ஒரே செயல்தான். முதலாவதற்குப் பெட்ரோல் செலவாகிறது, இரண்டாவதற்கு நீங்கள் செலவாகிறீர்கள். நாற்பதாவது முறை நீங்கள் சொல்லும் "இல்லையடா", நாற்பத்தொன்றாவது கேள்வியைப் பெற்றுப்போடுகிறது.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நோயாளி என்னைத் தினமும் தொலைபேசியில் அழைப்பார். கணக்கு எழுதும் வேலை அவருக்கு. தவறாக எழுதி யாரையோ ஏமாற்றிவிட்டேனோ என்பார். நான் அக்கறையோடு விசாரித்து, அப்படி எதுவும் நடந்திருக்காது என்று விளக்குவேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிடுவார். நல்ல மருத்துவர் என்ற நினைப்பு எனக்கு. ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. அழைப்பு நாளுக்கு ஒன்றிலிருந்து ஐந்தாக ஆனபோதுதான் உறைத்தது: நான் கொடுத்துக்கொண்டிருந்தது சிகிச்சையே இல்லை, தவணை தவணையாக நோய்க்குத் தீனி. மூத்த மருத்துவர் ஒருவர் கேட்டார், "அவர் உன்னிடம் கேட்பதை நிறுத்தினால் உனக்குக் கஷ்டமாக இருக்குமோ?" அந்தக் கேள்வி இன்றும் உறுத்துகிறது. உங்களிடம் அதைக் கேட்க மாட்டேன். யோசித்துப் பார்க்கலாம்.

இதில் நம்பிக்கை தரும் பக்கமும் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஈலை லெபோவிட்ஸ் என்பவர், பதற்ற நோயுள்ள குழந்தைகளைச் சிகிச்சைக்கு அழைக்காமல் பெற்றோரை மட்டும் அழைத்து, பிள்ளையின் பயத்துக்கு அவர்கள் வளைந்து கொடுப்பதைக் குறைக்கப் பயிற்சி கொடுத்தார். குழந்தைக்கே நேரடியாகச் சிகிச்சை தந்ததற்குச் சமமான பலன் கிடைத்தது. உங்கள் தம்பி குழந்தையில்லை, அதனால் அவன் சம்மதம் இல்லாமல் எதையும் செய்யக் கூடாது. ஆனாலும் நீங்கள் மாறினால் நோய்க்குக் கிடைக்கும் இடம் சுருங்கும்.

இன்றிரவே திடீரென்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். அது அவனுக்குத் தண்டனை போலப் படும். பகலில், அவன் ஓரளவு அமைதியாக இருக்கும் நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். "நான் பதில் சொல்லச் சொல்ல உனக்குக் கேள்வி கூடிக்கொண்டே போகிறது. நாம் இருவரும் சேர்ந்து அந்த நோய்க்கு வேலை செய்துகொண்டிருக்கிறோம். இனிமேல் இதைக் குறைக்கலாமா?" என்று கேளுங்கள். எண்ணிக்கையை அவனே சொல்லட்டும். முதல் வாரம் இரவுக்கு இருபது என்றால் இருபது, அடுத்த வாரம் பத்து. அதற்கு மேல் கேட்டால் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் இருவரும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "இது உன் ஓசிடி கேட்கும் கேள்வி. அதற்கு நான் பதில் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டோம். படபடப்பாக இருக்கிறது என்றால் இங்கே வந்து உட்கார், நான் கூட இருக்கிறேன்." பதிலைத்தான் மறுக்கிறீர்கள், அக்காவை இல்லை. இந்த வேறுபாடு அவனுக்குத் தெரிய வேண்டும். கோபமாகச் சொன்னால் அது தெரியாமல் போய்விடும். கோபம் வந்தால் அந்த இரவு பதில் சொல்லிவிட்டு மறுநாள் தொடருங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

முதல் சில நாள் கேள்விகள் கூடும். கெஞ்சுவான், "இந்த ஒரு தடவை மட்டும்" என்பான், உங்களுக்கு இரக்கமே இல்லை என்றும் சொல்லலாம். இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் சாய்ந்துவிடுகின்றன. கூடிய பிறகு கொடுத்துவிட்டால், அடுத்த முறை அந்த உயரத்திலிருந்துதான் தொடங்குவான். வீட்டில் வேறு யாரிடமாவது போய்க் கேட்பான், அவர்களும் இதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கதவை மூடி இன்னொன்றைத் திறந்துவைத்தால் பயனில்லை. அவனுக்குப் பதிலாக நீங்கள் பூட்டையோ அடுப்பையோ சரிபார்த்துச் சொல்கிறீர்கள் என்றால் அதையும் இதே பட்டியலில் சேருங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அளவை உயர்த்தும் திட்டம் என்ன, எத்தனை வாரம் கழித்து மதிப்பிடுவார் என்று கேளுங்கள். ஓசிடி எவ்வளவு கடுமை என்று அளக்கும் யேல்-பிரவுன் என்ற பத்துக் கேள்வி அளவுகோல் 1989 முதல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது, 0 முதல் 40 வரை மதிப்பெண். இப்போதே ஒன்று எடுத்துவைத்தால் மூன்று மாதம் கழித்து யார் சொல்வது சரி என்று வாதாட வேண்டியிருக்காது. ஆலோசகரிடம் நேரடியாக, "ஓசிடிக்கு ஈஆர்பி பயிற்சி தருவீர்களா, எத்தனை பேருக்குத் தந்திருக்கிறீர்கள், வீட்டுப்பாடம் உண்டா?" என்று கேளுங்கள். நல்லவராக இருந்தால், தனக்குத் தெரியாது என்று சொல்லித் தெரிந்தவரிடம் அனுப்புவார். பக்கத்தில் அப்படி யாரும் இல்லையென்றால் காணொளி வழியாகவும் இதைச் செய்யலாம், பலன் இருக்கிறது. அப்பாவைப் பற்றிய பேச்சு வேண்டுமானால் இவரிடமே தொடரட்டும்.

மருந்தும் பயிற்சியும் முறையாகக் கொடுத்தும் தேறாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு மாத்திரை, குளோமிப்ரமின், கூடவே சிறிய அளவில் இன்னொரு மருந்து என்று படிகள் உண்டு. காந்தத் தூண்டல், மூளைக்குள் மின்முனை வைப்பது வரை வழிகள் இருக்கின்றன. உங்கள் தம்பி அந்த வாசலுக்கு வெகு தொலைவில் இருக்கிறான். முதல் படியே இன்னும் ஒழுங்காக ஏறப்படவில்லை. தேறிய பிறகும் மாத்திரையை ஓராண்டு, இரண்டாண்டு தொடர்ந்து, பின் மெல்ல மெல்லக் குறைப்பதுதான் வழக்கம். அதையும் இப்போதே மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன நோட்டு வாங்கி, தேதி போட்டு, இரவில் அவன் எத்தனை முறை கேட்டான், நீங்கள் எத்தனை முறைக்குப் பதில் சொன்னீர்கள் என்று இரண்டு எண்களை மட்டும் எழுதிவாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்த எண்களோடு எனக்கு எழுதுங்கள்.